பாத்துச் செய்யுங்க, ஸாரே

1

சித்தி மகன் போன மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தான். வந்தவன் அல்வாப் பொட்டலத்தைக் கையில் கொடுத்த சூட்டோடு ஒரு கேலியையும் கொடுத்தான்.

"ஏளா செம்பகம், நீ என்னமோ பத்திரிகைக்கு அயல்நாட்டு வாழ்க்கைன்னு எழுதப் போறியாமே. மட்டாஞ்சேரி என்ன சிலோனா, பர்மாவா? ரயிலேறினா மறுநாள் இங்கன வந்து சாயா குடிச்சிரலாம். இதுக்குப் போயி அயல்நாடுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த மனுஷனை என்ன சொல்ல? சாப்பாடு போட்டு, போட்டில் ஏற்றி, எறணாகுளத்துக்கு அனுப்பி வைத்தேன். அவனிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கடல் தாண்டிப் போனவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் வாயைத் திறந்ததுமே அந்த ஊர்க்காரனுக்குத் தெரிந்துவிடும், இவன் வேற்றாள், தப்பும் தவறுமாகத்தான் பேசுவான் என்று. மன்னித்துவிடுவார்கள். இங்கே அந்த மன்னிப்பு கிடையாது. அதே முகம், அதே வேட்டி, அதே தேங்காய், பாதி புரிகிற பாஷை. பாதி புரிகிறதே, அதுதான் வினை. முழுக்கப் புரியாவிட்டால் ஒருவன் நின்று கேட்பான். பாதி புரிந்தவன் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

போன புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முந்திய கதை தெரியாமல் அது விளங்காது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் இங்கே பதினைந்து வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

2

கல்யாணமான மறு மாதம் இங்கே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு பஜாரில் ஒரு மிளகு வியாபாரியின் பாண்டிகசாலையில் கணக்கு எழுதுகிற வேலை. பாண்டிகசாலை என்றால் சரக்கு அடைக்கிற கிட்டங்கி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படி நாலைந்து இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் சுக்கு நெடி மூக்கில் ஏறும். முதல் வாரம் முழுக்கத் தும்மினேன். இப்போது ஊருக்குப் போனால் அந்த நெடி இல்லாமல் தூக்கம் வருவதில்லை. அதைச் சொன்னால் என் அண்ணன் பெண்சாதி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அதில் அப்போது தமிழ்ப் பிரிவு இருந்தது. கிட்டங்கிகளில் மூட்டை சுமக்கிறவர்கள், சுக்குத் தோல் சீவுகிற பெண்கள், துணி வெளுக்கிறவர்கள், எல்லாரும் நம் பக்கத்து ஜனம். அவர்கள் பிள்ளைகள் அங்கே படித்தன. ஒரே ஒரு தமிழ் வாத்தியார். தாய் தகப்பன் வந்தால் ஹெட்மாஸ்டர் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது அவருக்குப் புரியாது.

ஹெட்மாஸ்டர் பணிக்கர் மாஷ் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டும்போது மறந்துவிடுவேன். என் வீட்டுக்காரரிடம் வந்து, "வீட்டில் உள்ள ஆள் படிச்சதாணல்லோ, சனியாழ்ச்சை ஒந்நு வந்நு சகாயிக்காமோ?" என்று கேட்டார். நான் பாளையங்கோட்டையில் பத்தாவது முடித்தவள். மலையாளத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். சனிக்கிழமைகளில் வந்து இரு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்லுகிற, சம்பளமில்லாத வேலைதான். எனக்கு அது பெரிய கௌரவமாகத் தெரிந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாளே மாஷ் என்னவோ சொல்ல, நான் அடக்க ஒடுக்கமாக, "நிங்கள் பறஞ்ஞது சரியாணு" என்றேன். நம்மூரில் பெரியவரை நீங்கள் என்று சொல்லாமல் நீ என்றா சொல்வோம்? மாஷின் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்ததும் பியூன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"சேச்சி, மாஷிநெ நிங்கள்னு விளிக்கருது. அது வழக்குக்கு நிக்கும்போ விளிக்கறதாணு."

"பின்னே என்னன்னு விளிக்க?"

"மாஷ்னு விளிச்சா மதி."

நிங்கள் என்பது சண்டைக்கு நிற்கும்போது சொல்வதாம், மாஷ் என்று கூப்பிட்டாலே போதுமாம். அப்புறம்தான் கவனித்தேன். இங்கே பெரியவர்களிடம் யாரும் நீயும் சொல்வதில்லை, நீங்களும் சொல்வதில்லை. மாஷ் பறஞ்ஞது, மாஷ் வந்நது, மாஷிந்றெ குடை. ஆளை முன்னால் வைத்துக்கொண்டே யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்கள். அதுதான் இங்கே மரியாதை. நான் கொண்டுவந்த மரியாதையை ட்ரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

ஆனால் பெயர் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நான் 'தமிழத்தி டீச்சர்'. டீச்சர் என்பது மரியாதைக்கு. தமிழத்தி என்பது எதற்கு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

3

சகாயம் என்றால் என்ன சகாயம் என்று நினைக்கிறீர்கள்? பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பஞ்சாயத்துதான்.

சுப்பம்மா என்று ஒருத்தி. சுக்குக் கிட்டங்கியில் வேலை. அவள் மகன் மாடசாமி தமிழ்ப் பிரிவில் இரண்டாவது. ஒரு சனிக்கிழமை அழுதுகொண்டு வந்தாள். தினமும் வேலைக்குப் பிந்திப் போகிறாளாம், கங்காணி இனிமேல் வரவேண்டாம் என்கிறானாம்.

"ஏம்ளா பிந்திப் போறே?"

"நான் என்னக்கா செய்ய? காலையில வாசப்படி எறங்கினா அந்தப் பக்கத்து வீட்டு அன்னம்மா சேட்டத்தி கேட்டுப்புடுதா."

"என்ன கேக்கா?"

"எவிடெ போணு சுப்பம்மேன்னு கேக்கா."

இதை மலையாளிக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேலையாகக் கிளம்பும்போது எங்கே போறே என்று எவளாவது கேட்டால், போகிற காரியம் விளங்குமா? சுப்பம்மா திரும்பி வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி இறங்குவாளாம். அதற்குள் அன்னம்மா சேட்டத்தி முற்றத்தில் நின்று மறுபடியும் கேட்பாளாம், "எவிடெ போணு?" மறுபடி உள்ளே, மறுபடி தண்ணீர்.

நான் போய் அன்னம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்றெ கர்த்தாவே, ஒரு லோக்யம் சோதிச்சதாணு. அதிநு ஞான் அவள்க்கு துச்சகுனமோ?" என்றாள். இங்கே எதிர்ப்பட்டவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதுதான் அன்பு. கேட்காமல் போனால்தான் கோபம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவள் சுப்பம்மாவிடம் எதுவுமே கேட்கவில்லை. சுப்பம்மா நேரத்துக்கு வேலைக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "அந்தச் சேட்டத்தி எம்மேல என்னக்கா வருத்தம், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா" என்று கேட்டாள். இதுதான் என் சகாயத்தின் லட்சணம்.

இன்னொன்று இருக்கிறது. இது சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை மலையாள வகுப்போடு வரிசையாக நிறுத்தி, பெயர் என்ன, ஊர் என்ன என்று ஒரு வாத்தியார் கேட்டார். சுப்பம்மா மகன் மாடசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "கோவில்பட்டி" என்றான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். வரிசை முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் மீசைக்குள் சிரித்தார். நம் பக்கத்தில் பாதி ஊருக்குப் பட்டியில்தான் பெயர் முடிகிறது. ஒவ்வொரு பிள்ளையாக ஊர் சொல்லச் சொல்ல ஒரே கும்மாளம். அன்றிலிருந்து தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் நடந்தால் பின்னாலிருந்து குரைக்கிற சத்தம் வரும்.

நான் பணிக்கர் மாஷிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்டித்தார். சத்தமாகக் குரைத்தவர்கள் மெதுவாகக் குரைக்கத் தொடங்கினார்கள்.

என் மகள் கோமதி அப்போது ஒன்றாவதில் அந்தத் தமிழ்ப் பிரிவில்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டாள், "அம்மா, நம்ம ஊரு பேரு பட்டில முடியாதுல்ல?" முடியாது என்றேன். பிள்ளை பெருமூச்சு விட்டது.

4

மொழிவாரியாக மாநிலம் பிரித்துக் கேரளம் என்று ஆன பிறகு கொஞ்ச நாளில், தமிழ்ப் பிரிவை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. தமிழ் வாத்தியார் ஊர் திரும்பப் போகிறார். வேறு ஆள் போடுவதா, பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்த்துவிடுவதா? பெற்றோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வேண்டும் என்று சொன்னால் நடத்துங்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். நல்ல நியாயமான உத்தரவுதான். இதைவிட நியாயமாக யாரும் நம்மைக் கவிழ்த்திருக்க முடியாது.

கூட்டத்துக்கு முந்தின நாள் எல்லாரும் என் வீட்டு வாசலில் வந்து பேசினார்கள். இசக்கிமுத்து அண்ணாச்சிதான் பெரிய தலை. மூட்டைக்காரர்களுக்கு மூப்பன், நாலு பேருக்கு நல்லது சொல்கிறவர். "நாளைக்குப் பிள்ளையளுக்கு ஊருல கல்யாணம் காட்சின்னா ஒரு கடிதாசி வாசிக்கத் தெரியாண்டாமா தாயி? தமிழு இல்லாட்டி நாம யாரு? பணிக்கர் ஸாரு கால்ல விழுந்தாவது கேட்டுருவோம்" என்றார். சுப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேண்டும் என்பதில் ஒருத்தருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பள்ளிக்கூடக் கூடத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் ஒருத்தரும் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றார்கள். பணிக்கர் மாஷ் எழுந்து விவரம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். கடைசியில் அவர், "இனி நிங்கள் பறயூ. தமிழ் க்ளாஸ் வேணோ வேண்டயோ?" என்றார்.

இசக்கிமுத்து அண்ணாச்சி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கையைக் கட்டி, தலையைக் குனிந்து சொன்னார்:

"ஸாரே, நாங்க படிக்காத ஜனம். நாங்க என்னத்தச் சொல்லப் போறோம். எல்லாம் ஸாரு பாத்துச் செஞ்சா மதி."

பின்னால் நின்ற அத்தனை பேரும், "ஆமா ஸாரே, ஸாரு பாத்துச் செய்யுங்க" என்றார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் வழக்கத்தில் அதற்கு மேல் ஒரு வேண்டுதல் இல்லை. பெரிய மனுஷர் முகத்துக்கு நேரே எனக்கு இது வேண்டும், கொடு என்று வாய்விட்டுக் கேட்பவன் மரியாதை தெரியாதவன். நீங்க பாத்துச் செய்யுங்க என்று சொல்லிவிட்டால் பாரம் முழுக்க அவர் தலைக்குப் போய்விடும். செய்யாமல் விட்டால் அவருக்குத்தான் ஊரில் தலைகுனிவு. என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது, வயது போதாது, இடம் இல்லை என்று எல்லாம் சொன்ன பாளையங்கோட்டை ஹெட்மாஸ்டர் ஐயாவிடம் இதே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார், இதே மாதிரிக் கை கட்டிக்கொண்டு. அந்த ஐயா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி உள்ளே போம்மா என்றார். நான் படித்த படிப்பு முழுக்க அந்த வாக்கியத்தில் கிடைத்தது.

பணிக்கர் மாஷ் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்தது. நான் வாயைத் திறக்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனிக்கு மனசிலாயி. எல்லாம் எந்றெ தீருமானத்திநு விட்டிரிக்குன்னு."

"அங்ஙனெ அல்ல மாஷே" என்று எழுந்தேன். "அவர்க்கு வேணம். நிச்சயமாயிட்டும் வேணம். நேரிட்டுக் கேக்கறது மரியாதை இல்லைன்னு அங்ஙனெ பறஞ்ஞதாணு."

பக்கத்தில் இருந்த வாத்தியார்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாஷ் சிரிக்கவில்லை. பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "செண்பகம், தர்ஜமை செய்யுந்ந ஆள் அவர் பறஞ்ஞது மாத்ரம் பறஞ்ஞா மதி. சொந்தம் அபிப்ராயம் சேர்க்கருது."

மொழிபெயர்க்கிறவள் தன் அபிப்பிராயத்தைச் சேர்க்கக் கூடாதாம். நான் இசக்கிமுத்து அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, வேணும்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லுங்க. அப்பத்தான் எழுதுவாங்களாம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெரியவர் முன்னால் என்னை அவமானப்படுத்துகிறாயா என்கிற பார்வை. "சும்மா இரி தாயி," என்றார் தணிந்த குரலில். "ஸாருக்குத் தெரியாதா? அதான் அவருகிட்ட விட்டாச்சே. திருப்பித் திருப்பிக் கேட்டா ஸாருமேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிராதா?"

எல்லாரும் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் சுப்பம்மா, "ஸாரு முகத்தப் பாத்தியாக்கா, எப்படிச் சிரிச்சாரு! நமக்கு நல்லதுதான் செய்வாரு" என்றாள்.

மாஷ் அவர் மனசறிய நல்லதுதான் செய்தார். இங்கே பிழைக்க வந்த பிள்ளைகள் இந்த ஊர்ப் பாஷையில் படித்தால் முன்னுக்கு வரும் என்று நினைத்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது தமிழ்ப் பிரிவு இல்லை. அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள்.

நான் போய் ஆத்திரத்தோடு கேட்டேன். மாஷ் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வேணம்னு ஆரும் பறஞ்ஞில்லல்லோ, செண்பகம்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

5

பிறகு நடந்ததை விஸ்தரிக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தன.

கோமதி இப்போது எட்டாவது. காலையில் அவள் அப்பாவுக்கு மலையாளப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் அது தமிழா என்று கேட்காதீர்கள். "அம்மே, மழ பெய்யுது, கொட எடுக்க மறந்நு போச்சு" என்பாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் அண்ணன் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டு, மலையாளத்தாள் வந்துட்டா என்று சிரித்தார்கள். இங்கே தமிழ் என்றாலே பாண்டிக்காரி, அங்கே மலையாளத்தாள். பிள்ளை ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நாம எப்போ வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டாள். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

நானே கோமதிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் இருந்தேனா என்று நினைப்பீர்கள். தினமும் சாயங்காலம் உட்கார்த்தி வைத்தேன். வாசல் வழியே கூட்டாளிகள் போனால் போதும், புத்தகத்தைப் பாவாடைக்கடியில் ஒளித்துக்கொள்வாள். திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்துப் படிக்கிற படிப்பு எத்தனை நாள் ஓடும்? அதுவும் ஒரு நாள் நின்றது.

பணிக்கர் மாஷ் ஓய்வு பெற்றுப் போனார். இந்த வருஷம் மேரி டீச்சர் என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்திருக்கிறார், கோட்டயத்துக்காரர். தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் அந்த உடைந்த பெஞ்சு அறையைத் திறந்து பார்த்து, சுவரில் பழைய தமிழ் எழுத்துக்களைக் கண்டு, இது என்ன என்று விசாரித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பாடம் வைக்கத் தன்னால் முடியும், பெற்றோர் கேட்டால் உடனே ஏற்பாடு செய்கிறேன் என்றார். எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. டீச்சர் டீச்சர் என்று நாலு தரம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

6

போன புதன்கிழமை எல்லாரும் திரண்டோம். இந்தத் தடவை நான் விடவில்லை. பஜார் வழியாக நடக்க நடக்க ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டே வந்தேன். "பாத்துச் செய்யுங்கன்னு எவனாவது வாயத் தொறந்தீங்க, அங்கனயே கொன்னுபோடுவேன். நேருக்கு நேரா வேணும்னு சொல்லுங்க."

இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு இப்போது மூட்டை தூக்க முடிவதில்லை, முதுகு வளைந்துவிட்டது. "சொல்லுதேன் தாயி, சொல்லுதேன்" என்று தனக்குத் தானே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "வேணும். வேணும் டீச்சரே." தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோமதி எங்களோடு ஒட்டாமல் பத்தடி பின்னால் வந்தாள்.

மேரி டீச்சர் கேட்டார். அண்ணாச்சி முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை, கையைக் கட்டவில்லை. நான் சொன்னபடியே நிமிர்ந்து நின்று, "வேணும் டீச்சரே. எங்க பிள்ளையளுக்குத் தமிழு வேணும்" என்றார். அந்த வயது வரைக்கும் அவர் யார் முகத்துக்கு முன்னாலும் அப்படிப் பேசியதில்லை. பின்னால் சுப்பம்மா "வேணும்" என்றாள். எல்லாரும் வேணும் வேணும் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்து எங்களுக்கு வாய் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

மேரி டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம். "வளரெ நல்லது. ஆனால் படிக்கேண்டது குட்டிகளல்லே? அவரோடும் கூடிச் சோதிக்காம்" என்றார். படிக்கப் போவது பிள்ளைகள்தானே, அவர்களையும் கேட்போம் என்கிறார். தப்பா? தப்பில்லை. அந்த அம்மாள் செய்ததில் ஒன்றுமே தப்பில்லை.

பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்கள். மாடசாமி இப்போது கோமதியை விடப் பெரிய வகுப்பு, அரும்பு மீசை. "தமிழ் படிக்கணோ மக்களே?" என்று கேட்டார் டீச்சர்.

முதல் குரல் என் வீட்டுக் குரல்தான்.

"வேண்டா டீச்சர்" என்றாள் கோமதி.

மாடசாமி "வேண்டா" என்றான். அவன் பார்வை தரையில் இருந்தது. வரிசை முழுக்க வேண்டா வேண்டா என்று வந்தது. ஒரு பிள்ளையாவது தலையைச் சொறியவில்லை, டீச்சர் இஷ்டம் என்று இழுக்கவில்லை. தெளிவாக, நேராக, இந்த ஊர்ப் பிள்ளைகளாகச் சொன்னார்கள். அவர்கள் தாழ்வாரத்தில் என்னென்ன கேட்டுக்கொண்டு நடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

சுப்பம்மா தன் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேரி டீச்சர் தர்மசங்கடமாக எங்களையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது இசக்கிமுத்து அண்ணாச்சி மறுபடி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார். கையைக் கட்டி, வளைந்த முதுகை இன்னும் வளைத்து, பழைய குரலில் சொன்னார்.

"சின்னப் பிள்ளைய, அதுகளுக்கு என்ன தெரியும் டீச்சரே. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

மேரி டீச்சருக்கு விளங்கவில்லை. "எந்தா பறஞ்ஞது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் வார்த்தை தேடினேன். அண்ணாச்சி கெஞ்சுகிறார், கடைசி நம்பிக்கையை உங்கள் காலில் வைக்கிறார், பிள்ளைகள் சொன்னதைக் கேட்காதீர்கள் என்கிறார். இத்தனையையும் மலையாளத்தில் எப்படிச் சொல்வது, சொன்னால் சொந்த அபிப்பிராயம் என்பார்களோ என்று ஒரு கணம் திணறினேன். அந்த ஒரு கணம்தான்.

"எல்லாம் டீச்சர் தீருமானிச்சா மதீன்னு" என்றாள் கோமதி. கணீரென்ற மலையாளம். என் மலையாளம் மாதிரி அதில் திருநெல்வேலி வாடை அடிக்கவில்லை.

"ஆணோ?" என்றார் டீச்சர், அப்படியா என்கிற நிம்மதியோடு. "எந்நால் குட்டிகளுடெ இஷ்டம் போலெ ஆவட்டே." கோமதியின் தலையைத் தடவிக் கொடுத்தார். இனி பெற்றோர் கூட்டம் வந்தால் இவளே சொல்லிவிடுவாள், அம்மை சிரமப்பட வேண்டாம் என்றும் என்னிடம் சொன்னார்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, "என்ன தாயி, டீச்சரம்மா சிரிச்சாகளே, செய்வாகல்லா?" என்று கேட்டார். சுப்பம்மா அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வருகிற வழியில் கோமதி இந்தத் தடவை என் பக்கத்திலேயே நடந்தாள். பாண்டிகசாலைத் திருப்பத்தில் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அம்மே, தாத்தா பறஞ்ஞதத்தான் நான் பறஞ்ஞேன். தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடி" என்றேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."